அக்டோபர் 3: ஒரு தீர்மானத்துக்கு உரை

குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் போடும் தீர்மானத்துக்கு உரை வேண்டியதில்லை. ஓர் ஊர் தன் வரலாற்றிலிருந்து ஒரு நாளைப் பொறுக்கி விழா எடுக்கத் தீர்மானம் போட்டால் அதற்கு உரை வேண்டும். அதில் ஒவ்வொரு தொடருக்குப் பின்னாலும் ஒரு சண்டையாவது ஒளிந்திருக்கும். கீழே உள்ள வாசகம் எந்த மன்றமும் நிறைவேற்றியதல்ல. செஞ்சிப் பேரூராட்சி இப்படியொரு விழாவை நினைத்தால் அலுவலகக் குறிப்பு எந்த நடையில் இருக்குமோ, அந்த நடையில் நானே எழுதியது. மூலமும் என்னுடையது என்பதால் உரையில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கலாம்.

மூலம்:

“சிங்கவரம் அரங்கநாதரை வணங்கிப் போருக்குச் சென்று வீரமரணம் எய்திய ராஜா தேசிங்கின் நினைவு நாளாகிய அக்டோபர் 3ஆம் தேதியை, செஞ்சிக் கோட்டையின் பெருமையைப் பறைசாற்றும் வகையில், தொல்லியல் துறை மற்றும் இந்து சமய அறநிலையத் துறையின் அனுமதி பெற்று, ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடவும், அதற்காகும் செலவினத்தைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ளவும் மன்றம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.”

‘சிங்கவரம் அரங்கநாதரை வணங்கி’

சிங்கவரம் செஞ்சிக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குன்றின் மேல் பல்லவர் காலக் குடைவரை. அதனுள்ளே பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். தேசிங்கு விடைபெறப் போனபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் அந்தக் கட்டம் வந்ததும் கூட்டம் அமைதியாகிவிடும்.

ஆனால் இங்கே ஓர் இடறல். குடைவரை தேசிங்குக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. அந்தக் கோயிலைத் தீர்மானம் போருக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தமாக ஆக்கிவிட்டது. காரணம் ஒன்றுதான்: குடைவரைக்குத் தேதி இல்லை. மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் கல்வெட்டு வைத்தான். சிங்கவரத்தின் காலத்தைத் தூண்களையும் சிற்பத்தையும் பார்த்துத்தான் கணிக்கிறோம். செஞ்சிக்கும் சிங்கவரத்துக்கும் இடையில் உள்ள திருநாதர்குன்று அதைவிடப் பழமையானது. 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் அங்கே ஒரே பாறையில் இருக்கின்றன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேதான். தமிழ் எழுத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. நோன்பிருந்த நாள்களை எண்ணி வெட்டியவர்கள் ஆண்டை வெட்டவில்லை. ஆண்டு விழா என்ற ஏற்பாடே தேதியுள்ள நிகழ்ச்சிகளுக்குச் சாதகமானது. தேதியுள்ள நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் போர்கள். மன்றம் இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் நல்லது.

‘வீரமரணம் எய்திய ராஜா தேசிங்கின்’

தேசிங்கு தமிழரல்லர், பரம்பரையாக ஆண்டவருமல்லர். ஔரங்கசீப்பின் படை 1698இல் செஞ்சியைப் பிடித்த பிறகு இங்கே கோட்டைத் தலைவராக வந்த புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன். தந்தை இறந்தபின் கோட்டையை ஓராண்டுகூட ஆளவில்லை. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டார், இவர் தர மறுத்தார், சண்டை வந்தது. வரி பாக்கியில் தொடங்கிய விவகாரம் என்பதால் பேரூராட்சிக்கு எளிதில் விளங்கும்.

அவரோடு தோள்கொடுத்து மாண்டவர் தோழர் மகபத் கான். கதைப்பாட்டில் மோவுத்துக்காரன். நீலாம்பூண்டியில் அவர் அடக்கம் இருப்பதாக ஊர் வழக்கு. நான் எழுதிய மூலத்தில் அவர் பெயர் இல்லை. அது சேர வேண்டும். சேர்த்தால் விழா ஒரு மதத்தார் இன்னொரு மதத்தாரை எதிர்த்த கதையாகத் திரிக்கப்படாமல் இருக்க நல்ல காப்பாகும். கோட்டைக்குள் நிற்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இதே போரின் பின்விளைவுதான்.

இங்கே சொல்லாமல் விடக் கூடாத ஒன்று உண்டு. செட்டிகுளக் கரையில் தேசிங்கின் சிதையில் அவர் மனைவியும் இறங்கினாள் என்பார்கள். அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயர் வைத்தார் என்றும் வழக்குண்டு. விழா என்றதும் குளக்கரையில் விளக்கேற்றலாம், ராணிக்கு அலங்கார ஊர்தி விடலாம் என்று யாராவது கைதூக்குவார்கள். 1987இல் ராஜஸ்தானின் தேவராலாவில் கணவன் சிதையில் ரூப் கன்வர் எரிந்த பிறகு வந்த சதி தடுப்புச் சட்டம், உடன்கட்டையைப் போற்றி விழாவோ ஊர்வலமோ நடத்துவதையே குற்றமாக்கியிருக்கிறது. செயல் அலுவலர் இதைக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் ஓர் இளம்பெண் எரிந்ததற்குப் பொது நிதியில் சரவிளக்கு கட்டுவது ஈனம்.

‘அக்டோபர் 3ஆம் தேதியை’

உரையில் கனமான இடம் இது.

தேசிங்கு விழுந்தது 1714 அக்டோபர் 3 என்று எழுதப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டுத் தேதி எதைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, அது யார் ஏட்டிலிருந்து வந்தது என்பது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாள்காட்டியை வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் புதியதற்கு எப்போதோ மாறிவிட்டிருந்தார்கள். அந்நாளில் இரண்டுக்கும் 11 நாள் இடைவெளி. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்த இரவு புதுச்சேரிக் கணக்கில் 1750 செப்டம்பர் 11, ஆங்கிலேயர் கணக்கில் ஆகஸ்ட் 31. ஒரே இரவு இரண்டு மாதங்களில் விழுகிறது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை போன்றோர் தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதி வைத்ததால் அந்தக் காலத்துக்குப் பிழைத்தோம். ஆகவே கல்வெட்டுப் பலகையில் தேதி பொறிக்குமுன் மூல ஆவணத்தை ஒரு வரலாற்றுப் பேராசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது மன்றத்துக்குக் கௌரவக் குறைவல்ல.

அடுத்த கேள்வி, ஏன் இந்த நாள் என்பது. செஞ்சிக்குத் தேதிப் பஞ்சம் கிடையாது. 1677இல் சிவாஜி பிடித்தார். 1689இல் அவர் மகன் ராஜாராம் தப்பி வந்து இங்கிருந்து மராட்டிய அரசை நடத்தினார். முகலாயர் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டார்கள். 1761இல் ஆங்கிலேயர் வந்தார்கள், 1780இல் ஹைதர் அலி. ஒவ்வொன்றும் ஒருவருக்கு வெற்றி நாள், இன்னொருவருக்கு இழவு நாள்.

இவற்றில் இப்போது கதவைத் தட்டுவது 1677. 2027இல் அதற்கு 350 ஆண்டு நிறைகிறது. 2025 ஜூலை 11 அன்று பாரிஸில் யுனெஸ்கோ உலக மரபுக் குழு ‘மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. உலகத்துக்கு இனி இது மராட்டியக் கோட்டை. அதில் பொய்யில்லை, அகழியும் மதிலும் அவர்கள் கையில் வலுப்பட்டவைதான். ஆனால் மராட்டியர் இங்கே இருந்தது 21 ஆண்டு. கோன்கள் எழுப்பியதாகச் சொல்லும் மரபும், நாயக்கர் கட்டிய களஞ்சியங்களும், பீஜப்பூர்க்காரர் காலமும் அந்தப் பெயருக்குள் அடங்கவில்லை. மன்றம் சும்மா இருந்தால் 2027 விழாவின் நிகழ்ச்சி நிரல் வேறெங்கோ அச்சாகி வரும். பேரூராட்சியின் வேலை வரவேற்பு வளைவு கட்டுவதோடு முடியும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதே ஒரு நிலைப்பாடு என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். மொழிவாரி எல்லை பிரிந்த 1956 நவம்பர் 1தான் தமிழ்நாடு நாளாகச் சில காலம் இருந்தது. பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய 1967 ஜூலை 18ஐத் தமிழக அரசு 2021இல் அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டது. கொலம்பஸ் கரையேறி 500 ஆண்டான 1992இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகர மன்றம் அந்த நாளைப் பூர்வகுடிகளுக்கான நாளாக்கியது. நகர மன்றம் சிறியதுதான், ஆனால் பிறகு எத்தனையோ ஊர்கள் பின்தொடர்ந்தன.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 3 இருக்கட்டும். செஞ்சி வட்டாரத்து மக்கள் யாரும் சொல்லித்தராமல் தாங்களே நினைவில் வைத்திருக்கும் சாவு அது ஒன்றுதான். ஆனால் அதைக் கோட்டையின் நாள் என்று சொல்ல வேண்டாம், தேசிங்கு, மகபத் கான் நாள் என்றே சொல்லலாம். 2027க்கு மன்றம் தனியாக இப்போதே உட்கார வேண்டும்.

‘பெருமையைப் பறைசாற்றும் வகையில்’

அடித்துவிடலாம். வாசகத்தில் பொருள் எதுவும் குறையாது.

‘அனுமதி பெற்று’

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பேசும் எல்லை தெளிவானது: சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டரில் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டரில் அனுமதியோடுதான். நினைவுத் தூண், நுழைவு வளைவு, சிலை என்று பிறகு எழும் ஆசைகளெல்லாம் இந்தக் கோட்டில்தான் முட்டும். எங்கே எதைக் கட்டலாம் என்று வரைபடத்தோடு முன்பே கேட்டுவிட்டால், அடிக்கல் நாட்டிவிட்டு நிற்கும் சங்கடம் வராது.

இன்னொரு சிக்கலைக் கோப்பு சொல்லாது, பஞ்சாங்கம் சொல்லும். அக்டோபர் 3 எப்போதும் புரட்டாசியில் வரும். 2026இல் அது சனிக்கிழமை. புரட்டாசிச் சனியன்று பெருமாள் குன்றுக்கு ஏறும் கூட்டத்துக்கு நடுவே மேடை, மைக், வாகன அணிவகுப்பு என்றால் பக்தர்தான் திண்டாடுவார். அந்த ஆண்டு சிங்கவரத்தில் எதுவும் வைக்காமல் நிகழ்ச்சியைச் செஞ்சி ஊருக்குள் வைத்துக்கொள்வதே முறை.

‘செலவினத்தைப் பொது நிதியிலிருந்து’

பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை, சாப்பாடு. மறுநாள் காலை மிஞ்சுவது கம்பம் நட்ட குழிகள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 2010இல் ஆயிரமாண்டு விழா எடுத்தபோது நாணயமும் அஞ்சல் தலையும் வந்தன. அது மாநில அரசின் கை நீளம். மறுபுறம் 2004 முதல் நடந்துவரும் சென்னை நாள், நடைப்பயணம், பேச்சு, கண்காட்சி என்று தன்னார்வலர் கையில் வளர்ந்தது. 1639 ஆகஸ்ட் 22 என்ற அதன் தேதியிலேயே தகராறு உண்டு, இருந்தும் நிற்கிறது. பேரூராட்சிக்கு இரண்டாவது வழிதான் கட்டுப்படியாகும். ஆண்டுக்கு ஒரே ஒரு நிலையான வேலை போதும்: ஓராண்டு திருநாதர்குன்றுக்கு வழிகாட்டிப் பலகை, மறு ஆண்டு செட்டிகுளத்தில் தூர்வாரல், அதன்பின் கூத்துக் கலைஞர்களை வரவழைத்துத் தேசிங்கு கதையை விடிய விடிய ஆடவைத்து முழுவதையும் பதிவு செய்தல்.

‘ஒருமனதாக’

பேரூராட்சியின் தீர்மானம் இது. சிங்கவரம் தனி ஊராட்சி. வாசகம் தொடங்குவதோ சிங்கவரத்தில். மகபத் கானைச் சேர்த்தால் நீலாம்பூண்டியையும் கேட்டாக வேண்டும். அவர்களுக்கு அந்த மன்றத்தில் நாற்காலி கிடையாது. கிராமசபை காந்தி ஜெயந்தியன்று, அதாவது அக்டோபர் 2 அன்று கூடுகிறது. அதற்கு முன் ஆகஸ்ட் 15இலும் கூடும். ஆகஸ்ட் கூட்டத்தில் இந்த வாசகத்தை இரண்டு ஊரிலும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் தீர்மான நகல் இணையும்வரை ‘ஒருமனதாக’ என்ற இடத்தை வெற்றாக விட்டு வையுங்கள்.