கவசக் கண்ணாடியை எதைக் கொண்டு அளப்பது?

கதிர்வீச்சைத் தடுக்கும் புதிய கண்ணாடிகளைப் பற்றி அண்மை ஆண்டுகளில் வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் செல்கின்றன. போரேட், டெல்லுரைட், பாஸ்பேட் என ஏதேனும் ஓர் அடிப்படைக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அதில் பிஸ்மத், பேரியம் அல்லது அருமண் ஆக்சைடு ஒன்றைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். பிறகு எக்ஸ்காம், ஃபை-எக்ஸ் போன்ற கணிப்பு நிரல்களில் வேதி இயைபையும் அடர்த்தியையும் இட்டு நிறைத் தணிப்புக் குணகத்தையும் அரைமதிப்புத் தடிமனையும் பெறுகிறார்கள். கன உலோகம் கூடக்கூடத் தடிமன் குறைகிறது. புதிய கண்ணாடி கான்கிரீட்டைவிடச் சிறந்தது என்று முடிவு எழுதப்படுகிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் தடித்த கண்ணாடிச் சாளரம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் இந்த எண் புதிதாகச் சொல்வது மிகக் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே கவசக் கண்ணாடியின் தகுதியைத் தீர்மானிப்பவை இரண்டு: கதிர்வீச்சு பட்டபின் அது என்னவாகிறது, கனமான பாளமாக அதை வார்க்க முடிகிறதா.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். கோபால்ட்-60 உமிழும் காமாக் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலெக்ட்ரான் வோல்ட். இந்த ஆற்றலில் கதிருக்கும் பொருளுக்கும் இடையே நிகழ்வது பெரும்பாலும் காம்ப்டன் சிதறல். ஒரு கிராமில் எத்தனை எலெக்ட்ரான்கள் உள்ளன என்பதையே அது பொருட்படுத்துகிறது. ஹைட்ரஜன் நீங்கலாக, அந்த எண்ணிக்கை தனிமத்துக்குத் தனிமம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே 1.25 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில் சிலிக்காவின் நிறைத் தணிப்புக் குணகம் கிராமுக்கு ஏறத்தாழ 0.057 சதுர செ.மீ., ஈயத்துடையது 0.059. அணு எண் 14 ஆன சிலிக்கனிலிருந்து 82 ஆன ஈயத்துக்குப் போயும் வேறுபாடு மூன்று, நான்கு விழுக்காடுதான். இந்நிலையில் ஐந்து மோல் விழுக்காடு பிஸ்மத் சேர்த்ததால் மூன்றாம் தசமத்தில் வரும் மாற்றத்தை முன்னேற்றமாகக் கொள்வது எப்படி? சீசியம்-137இன் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிருக்கு ஈயத்தின் மேன்மை இன்னும் சற்றுத் தெளிவானது. அங்கும் கண்ணாடியின் அடர்த்தியே மிகுதியாகப் பேசுகிறது. அடர்த்தி 5.2 கொண்ட ஈயக் கண்ணாடி 45 செ.மீ. இருந்தால், கோபால்ட் கதிருக்கு அது ஏறக்குறைய ஒரு மீட்டர் கான்கிரீட் சுவருக்கு ஈடு. இதை அறியத் தராசும் அளவுகோலும் போதும். மேலும் இந்த நிரல்கள் முதன்மையாகத் தருவது குறுங்கற்றைக்கான குணகம். உண்மையான கவசத்தில் சிதறிய கதிர்களும் மறுபக்கம் வந்து சேர்கின்றன. 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில், பத்து சராசரி மோதாப் பாதை அளவு தடிமனுக்குப் பின், தண்ணீரில் சிதறிய கதிர்களால் வரும் இந்தப் பெருக்கம் இருபது மடங்கைத் தாண்டுகிறது. ஈயத்தில் ஐந்து மடங்கையும் எட்டுவதில்லை. இதைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு அரைகுறையானது.

இனி அந்தக் கண்ணாடி வாழும் இடத்துக்கு வருவோம். கல்பாக்கத்தில் 1985இல் தொடர்வினை நிலையை எட்டிய வேகப் பெருக்கச் சோதனை உலையின் கார்பைடு எரிபொருள், உலையிலிருந்து வெளிவந்தபின் தடித்த சுவர்களுக்குள் அமைந்த ஹாட் செல் அறைகளில் வெட்டி ஆராயப்படுகிறது. இயக்குபவர் வெளியே நின்று, கவசச் சாளரத்தின் வழியே பார்த்தபடி இயந்திரக் கைகளை நகர்த்துகிறார். அவருடைய பாதுகாப்பைப் போலவே அவருடைய பார்வையும் அந்தக் கண்ணாடியைச் சார்ந்தது. சாதாரணக் கண்ணாடியோ காமாக் கதிர் பட்டதும் பழுப்பேறுகிறது. கதிர் விடுவிக்கும் எலெக்ட்ரான்களும் அவை விட்டுச்செல்லும் நேர்மின் துளைகளும் வலைப்பின்னலின் குறைபாடுகளில் சிக்கி, கட்புலன் ஒளியை உறிஞ்சும் நிற மையங்களாகின்றன. இதற்கு மாற்றாகக் கண்டறியப்பட்டது சீரியம். மும்மை இணைதிற சீரியம் துளைகளையும் நான்மை இணைதிற சீரியம் எலெக்ட்ரான்களையும் பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் உறிஞ்சல் பெரும்பாலும் புற ஊதாப் பகுதியில் விழுவதால் கண்ணாடி சற்றே மஞ்சளாக இருந்தாலும் தெளிவு குன்றுவதில்லை. அதனால்தான் தடித்த சாளரங்களில் சீரியம் கலந்த, அடர்த்தி குறைந்த கண்ணாடியைக் கதிர்ப்பக்கம் வைத்து, அதன் பின்னால் அடர்த்தி மிகுந்த ஈயக் கண்ணாடியை அடுக்குகிறார்கள். தணிப்பு மட்டுமே அளவுகோல் என்றால் இந்த வரிசைக்குப் பொருளே இல்லை.

தடிமன் இங்கே எவ்வளவு கொடிய பெருக்கி என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். கதிர்ப்பக்கத்தை ஒட்டிய 20 செ.மீ. கண்ணாடியில், ஒளி உறிஞ்சல் சராசரியாகச் செ.மீ.க்கு 0.1 அலகு (பத்தின் அடிமான மடக்கையில்) கூடுகிறது என்று கொள்வோம். 5 மி.மீ. ஆய்வகத் துண்டில் அதே மாற்றம் 89 விழுக்காடு ஒளியைக் கடத்தும். ஆய்வாளர் அதைத் தெளிவான கண்ணாடி என்றே பதிவு செய்வார். சாளரத்திலோ நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வரும். இதற்கும் மேல், மேற்பரப்புகளில் எதிரொளிப்பு இழப்பு உண்டு. ஒளிவிலகல் எண் 1.8 ஆன அடர் கண்ணாடியின் காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் எட்டு விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடுகிறது; பாளங்களுக்கு இடையில் எண்ணெய் நிரப்புவது இதனால்தான். இன்னொரு கேடு கண்ணுக்கு உடனே தெரியாதது. காமாக் கதிர்கள் முன்னோக்கித் தள்ளும் எலெக்ட்ரான்கள், மின்கடத்தாத கண்ணாடியின் உள்ளே தங்கி மின்னூட்டமாகச் சேர்கின்றன. ஒரு கட்டத்தில் அது உடைந்து பாய்ந்து, கிளைவிட்ட விரிசல் தடங்களை நிரந்தரமாக விட்டுச்செல்கிறது. அதன்பின் அந்தப் பாளம் பார்வைக்கு உதவாது. மின்தடை பற்றி ஒரு வரியும் இல்லாமல் கவசக் கண்ணாடி ஒன்றைப் பரிந்துரைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தணிப்புதான் கவசத்தின் முதல் வேலை, அது இல்லாமல் மற்றவை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, மருத்துவ எக்ஸ் கதிர்களின் ஆற்றல் எல்லையில் நான் அதற்கு முழுமையாக இணங்குகிறேன். அங்கே ஒளிமின் விளைவு மேலோங்குவதால் அணு எண்ணே ஆட்சி செய்கிறது. 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஈயம், நிறைக்கு நிறை, சிலிக்காவைப்போல் இருபது மடங்கு தடுக்கிறது. அதே இடத்தில் பேரியம் ஈயத்தையே மிஞ்சுகிறது. அதன் கே-விளிம்பு 37.4லும் ஈயத்தின் கே-விளிம்பு 88லும் இருப்பதுதான் காரணம். போபாலில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம், அலுமினியத் தொழிலின் கழிவான செம்மண் சேற்றையும் பேரியச் சேர்மத்தையும் கொண்டு ஈயமில்லாத எக்ஸ் கதிர்த் தடுப்புச் செராமிக் ஓடுகளை உருவாக்கியது இந்த இயற்பியலை நன்கு பயன்படுத்திய செயல். சுவரில் பதிக்கும் ஓட்டின் வழியே யாரும் பார்ப்பதில்லை. அது ஏற்கும் கதிர்வீச்சும் மிகச் சிறிது. அதைத் தணிப்பால் அளப்பதே சரி. பிழை நேர்வது, அந்த எல்லைக்குப் பொருந்தும் அளவுகோலைக் கோபால்ட், சீசியம் கதிர்களுக்கும் அப்படியே நீட்டும்போது.

ஈயத்தின் நச்சுத்தன்மையைக் காட்டி எழும் மறுப்பு இதைவிடக் கனமானது. ஈயத்தை வெட்டி எடுப்பவரும் உருக்குபவரும் ஏற்கும் தீங்கு மெய்யானது. மாற்று தேடுவது கடமை. ஆனால் மாற்று என்பது உலையிலிருந்து பாளமாக வெளிவர வேண்டும். பிஸ்மத் ஆக்சைடு உருகுநிலையில் எளிதில் ஒடுக்கமுற்று உலோகத் துகளாகிக் கண்ணாடியைக் கருமையாக்குகிறது, பிளாட்டினக் கலனையும் அரிக்கிறது. டெல்லுரைட் கண்ணாடி மென்மையானது, விலை மிகுந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது ஆற்றிப் பதப்படுத்தும் காலம். உள்ளே தங்கும் இறுக்கம் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்றால் குளிர்விக்கும் நேரம் தடிமனின் இருமடியாகக் கூடும். 5 மி.மீ. துண்டு ஒரு மணி நேரத்தில் பாதுகாப்பாகக் குளிர்ந்தால், 20 செ.மீ. பாளத்துக்கு 1600 மணி நேரம், அதாவது இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாள் அந்தக் கண்ணாடி படிகமாகாமலும் பிரியாமலும் இருக்குமா? கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிறுவனம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துடன் சேர்ந்து கவசச் சாளரக் கண்ணாடியை உருவாக்கியபோது எதிர்கொண்ட சவால் இந்த வகையைச் சேர்ந்தது. குணகம் காண்பது அதில் மிக எளிய பகுதி.

நியூட்ரான்களைத் தடுக்கும் செராமிக்குகளிலும் இதே உண்மை வேறு முகத்தோடு வருகிறது. போரான்-10 வெப்ப நியூட்ரானைப் பிடிக்கும் குறுக்குவெட்டு 3840 பார்ன்; இயற்கைப் போரானில் அது ஐந்தில் ஒரு பங்கு. எண்ணைப் பார்த்தால் போரான் கார்பைடுக்கு இணை சொல்வது கடினம். ஆனால் பிடிக்கப்படும் ஒவ்வொரு நியூட்ரானும் ஒரு ஹீலியம் அணுவையும் ஒரு லித்தியம் அணுவையும் படிகத்துக்குள் விட்டுச்செல்கிறது. ஹீலியம் சேரச்சேரப் போரான் கார்பைடு வில்லை வீங்குகிறது, பிளக்கிறது. இந்த வில்லைகளைக் கொண்ட கட்டுப்பாட்டுத் தண்டு எத்தனை நாள் உலையில் இருக்கலாம் என்பதில் உறிஞ்சும் திறனுக்கு நிகராக இந்த வீக்கமும் பேசுகிறது. பெரும்பாலான பிடிப்புகளில் 0.48 மெகா எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர் ஒன்றும் பிறக்கிறது. போரான் மிகுந்த கண்ணாடியைப் பரிந்துரைப்போர் அதையும் தடுக்க வழி சொல்லியாக வேண்டும்.

ஒளிப்படக் கருவிகள் வந்தபின் சாளரமே எதற்கு என்பாரும் உண்டு. கருவியின் வில்லையும் கண்ணாடிதான், அதுவும் பழுப்பேறும்.

கடைசியாக, நடைமுறை சார்ந்த மறுப்பு. பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கணிப்பு எளிது, கதிரூட்டல் எட்டாதது என்கிறார்கள். கோபால்ட்-60 கொண்ட காமா அறைகள் நம் நாட்டில் பல ஆய்வு நிறுவனங்களில் உள்ளன; ஒளி நிறமாலைமானி இல்லாத இயற்பியல் துறையோ அரிது. தேவைப்படுவது அளவீட்டு ஒழுங்கு. ஒரு கிலோகிரேயிலிருந்து பல நூறு கிலோகிரே வரை படிப்படியாகக் கதிரூட்ட வேண்டும். உறிஞ்சல் மாற்றத்தைத் துண்டின் கடத்துதிறனாகக் கூறாமல் செ.மீ.க்கு இவ்வளவு என்று தர வேண்டும். கதிரூட்டி முடித்ததற்கும் அளந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தையும், அந்நேரத்து வெப்பநிலை, வெளிச்சம் ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும். நிற மையங்கள் அறை வெப்பத்திலேயே மெல்லக் கரைவதால், ஒரு வாரம் மேசையில் கிடந்த துண்டு தன் பழுப்பில் ஒரு பகுதியை இழந்திருக்கும். சீரியத்தின் இரு நிலைகளும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதையும் கூற வேண்டும். உருக்கும்போது உலைக்காற்று எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து அது மாறும், மொத்தச் சீரியத்தின் அளவு அதைக் காட்டாது.