பொன்னும் கல்லும்

இறைவனிடம் பெற்ற நிறைவால் செல்வத்தையும் சரளைக்கல்லையும் வேறுபாடின்றிக் காணும் அடியார் நிலை. சைவ மரபில் இதற்கு முதன்மைச் சான்று, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருப்புகலூர்க் கோயிலில் அவர் உழவாரப்பணி செய்தபோது, அவரது நிலையை உலகுக்குக் காட்ட இறைவன் பொன்னையும் நவமணிகளையும் அவ்விடத்தில் தோன்றச் செய்தார். திருநாவுக்கரசர் அவற்றைப் பருக்கைக்கற்களோடு உழவாரத்தில் ஏந்தி, அருகிலிருந்த தாமரைக் குளத்தில் எறிந்தார். அடுத்து வந்த அரம்பையரின் ஆடல் பாடலும் அவரைக் கலைக்கவில்லை. இதைப் பொருள் வெறுப்பாகக் கொள்வது பொருந்தாது: பஞ்சக் காலத்தில் திருவீழிமிழலையில் இறைவன் அளித்த படிக்காசை அவரும் திருஞானசம்பந்தரும் ஏற்று, அடியார்க்கு அமுதளித்தனர். திருப்புகலூரிலேயே, சித்திரைச் சதயத்தில், அவர் முத்தி அடைந்ததாக மரபு கூறும்.