சரக்கும் செய்தியும்

வாணிப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கப்பல்களையும் துறைமுகங்களையும், பொன்னையும் மிளகையும் பற்றியே பேசுவர். அவற்றோடு கண்ணுக்குப் புலனாகாத மற்றொன்றும் கடல் கடந்து வந்திருக்கிறது. அதுவே செய்தி. இச்சரக்கு எவருடையது, எங்கே இருக்கிறது, எப்போது வந்து சேரும் என்று அறிவிப்பார் இல்லையேல் சரக்கு வெறும் சுமையே. விளைவிப்பவனிடமிருந்து நுகர்வோன் வரை நீளும் இத்தொடரை இன்று ‘வழங்கல் சங்கிலி’ என்கின்றனர். அதன் கண்ணிகளைப் பிணைத்து வந்தது செய்தியே என்பதை வரலாற்றில் நாம் காண்கிறோம்.

கெய்ரோவின் பழைய பகுதியாகிய ஃபுஸ்தாத்தில் யூதர்களின் வழிபாட்டு இல்லம் ஒன்று உண்டு. இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளைக் குப்பையில் எறிதல் ஆகாது என்பதால், பயன் முடிந்த ஏடுகளை அங்கே ஓர் அறையில் இட்டு வைத்தனர். பழைய முஸ்ஹபின் கிழிந்த தாள்களை நாம் பேணுவதும் இத்தகைய உணர்வினால் அன்றோ! கெனிஸா எனப்படும் அவ்வறையிலிருந்து 1896-97ஆம் ஆண்டுகளில் ஸாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் பெருந்தொகையான ஏடுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் வணிகர்களின் கடிதங்களும் இருந்தன. அவற்றின் மொழி அரபி, எழுத்தோ ஹீப்ரு. தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத் தமிழை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

அக்கடிதங்களால் நாம் அறியும் வணிகர்களுள் ஒருவர் ஆபிரகாம் பின் யிஜு. இன்றைய துனீஸியாவிலுள்ள மஹ்திய்யாவில் பிறந்த இவர், கி.பி. 1132 முதல் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் மங்களூரைச் சார்ந்து வாணிபம் செய்தார். ஏடனிலிருந்து செம்பும் தாளும் அவருக்கு வந்தன. இங்கிருந்து மிளகும் இரும்பும் பாக்கும் சென்றன. ஏடனில் உடைந்துபோன செப்புப் பாத்திரங்கள் கூட மங்களூருக்கு வந்து, புதிய பாத்திரங்களாக வார்க்கப்பட்டுத் திரும்பின. எத்தகைய பாத்திரம் வேண்டும் என்னும் விவரமும் கடிதத்திலேயே எழுதி வரும்.

ஆயினும் அக்காலத்தில் செய்திக்கெனத் தனிப்பாதை இல்லை. சரக்கைக் கொண்டுவந்த பருவக்காற்றே கடிதத்தையும் கொண்டுவந்தது. எனவே ஒரே கடிதத்தைப் பல படிகள் எழுதி, வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். ஒன்று கடலில் மூழ்கினும் மற்றொன்று கரைசேரும் என்பது அவர்களது ஏற்பாடு.

ஒருமுறை பின் யிஜு அனுப்பிய சரக்கை ஏற்றிய கப்பல் பாபுல் மந்தப் நீரிணையருகே உடைந்தது. ஏடனிலிருந்த நண்பர் நடந்ததை அவருக்கு எழுதினார். மிளகு முழுவதும் அழிந்தது. முத்துக்குளிப்போர் போன்று மூழ்கவல்லவர்களை ஏடனிலிருந்து வரவழைத்து இரும்பில் ஏறத்தாழப் பாதியை மீட்டோம் என்பது அக்கடிதத்தின் கருத்து. மங்களூரில் இருந்தவர் அக்கடலடியைக் கண்டவரல்லர். இரும்பும் போயிற்று என்று நண்பர் எழுதியிருந்தால் மறுக்க அவருக்கு வழியில்லை. எழுதியவரின் நேர்மையே அச்சங்கிலியின் வலிமையாய் நின்றது.

ஏழு நூற்றாண்டுகள் கழித்துச் செய்தி சரக்கைப் பிரிந்து முன்னே ஓடத் தொடங்கிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. மறு ஆண்டே ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்னும் பெருங்கப்பல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடியில் தந்திக் கம்பியை இட்டது. வாரக்கணக்கில் பயணம் செய்த விலைச் செய்தி, கப்பல் புறப்படுமுன்னரே அக்கரையை அடைந்தது.

சரக்கின் நடை மட்டும் மாறவில்லை. மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து ஏற்றுவதும் இறக்குவதும் நீடித்தன. 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லாரித் தொழிலதிபரின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இன்று நாம் ‘கண்டெய்னர்’ என்று அழைக்கும் பெட்டியின் பெருவாழ்வு இவ்வாறு தொடங்கிற்று. டன்னுக்கு 5.86 டாலராக இருந்த ஏற்றுகூலி, அப்பயணத்தில் 16 சென்டுக்கும் குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. பின்னர்ப் பெட்டியின் அளவை உலகோர் ஒத்துக்கொண்டமையால், ஒரே பெட்டி லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் பொருந்திற்று. ஆனால் சுமைகூலியை நம்பி வாழ்ந்த பல்லாயிரம் துறைமுகத் தொழிலாளர் வேலை இழந்ததையும் நாம் மறத்தலாகாது.

அடுத்து, பொருள் ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லத் தொடங்கிற்று. ஜோசப் உட்லண்ட் என்பவர் மயாமிக் கடற்கரையில் அமர்ந்து, தந்தியின் புள்ளிகளையும் கோடுகளையும் மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்தார். ‘பார்கோடு’ என்னும் கோட்டுக்குறி அதிலிருந்தே பிறந்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்து டிராய் நகரின் கடையொன்றில், மெல்லும் கோந்துப் பொட்டலம் ஒன்றின் மேலிருந்த அக்குறியைப் பொறி முதன்முதலாகப் படித்தது. இன்று விற்றது எது, இருப்பது எவ்வளவு என்பதைக் கடையும் கிடங்கும் ஆலையும் ஒரே கணத்தில் அறிகின்றன. தேங்குவதும் கெடுவதும் குறைகின்றன.

கண்டெய்னரின் எண்ணிலும் கோட்டுக்குறியின் எண்ணிலும் நுட்பம் ஒன்று உண்டு. இறுதி இலக்கம் ஏனைய இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எண் ஒன்றைத் தவறாக எழுதினால் பொறி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். பிழையை அது கண்டுபிடிக்கும், பொய்யைக் கண்டுபிடிக்குமா?

2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி எனப் பெயரிட்ட 27 வகைப் பர்கர்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. பத்தில் குதிரையின் மரபணுவும், இருபத்து மூன்றில் பன்றியின் மரபணுவும் காணப்பட்டன. பன்றியின் தடயம் சிறிதளவே எனினும், உண்டவருள் அதனை விலக்குவோரும் இருந்திருப்பரன்றோ! அடுத்த மாதம் ஐரோப்பாவின் வேறு சில உணவுகளில் பெரும்பகுதி குதிரை இறைச்சியே என்பது வெளியாயிற்று. நாடுகள் பல கடந்து, தரகர் கைகள் மாறி வந்த இறைச்சி அது. அப்பொட்டலங்களின் கோட்டுக்குறிகளில் ஓர் இலக்கமும் பிழையில்லை! குற்றத்தை வெளிப்படுத்தியதும் அறிவியலின் ஆய்வுக்கூடமே என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்வோம்.

ஹதீஸ் கலையைப் பயின்றோர் இவ்விடத்தில் ஸனதை நினைவு கூர்வர். ஒருவர் கேட்டு மற்றொருவருக்கு அறிவித்த அத்தொடரில், அறிவிப்பாளர் ஒவ்வொருவரிடத்தும் இரண்டு பண்புகளை நம் இமாம்கள் தேடினர். ஒன்று ‘ளப்து’; கேட்டதைப் பிழையின்றிக் காக்கும் ஆற்றல். மற்றொன்று ‘அதாலத்’, நேர்மை. இரண்டில் ஒன்று குறையினும் அத்தொடர் பலவீனமாயிற்று. இன்றைய பொறிகள் முதலாவதை நாம் கனவிலும் காணாத அளவுக்கு வளர்த்துவிட்டன. இரண்டாவதை அவை தம்மிடத்தே கொண்டிருக்கவில்லை. சீட்டை எழுதும் மனிதனிடமிருந்தே பெறவேண்டியுள்ளன.

கடையிலும் கிடங்கிலும் துறைமுகத்திலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் இன்று அச்சங்கிலியின் கண்ணிகளாய் இருக்கின்றனர். அவர்கள் பொறியில் பதியும் ஒவ்வொரு வரியும் அமானிதமே. மூழ்கிய மிளகை மூழ்கிற்று என்றும், மீண்ட இரும்பை மீண்டது என்றும் எழுதிய அந்த ஏடன் வணிகரிடத்தே அவர்கள் கற்கவேண்டிய பாடம் இருக்கிறது.