ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்: குடியிருப்பும் மனையுரிமையும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி, காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள தொழில் வட்டாரம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம்; வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பை, ஒரகடம்; இவற்றுக்கு நடுவே பிள்ளைப்பாக்கம், மாத்தூர், வல்லம், வடகால் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். 2022இல் சென்னைப் பெருநகர எல்லை 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டபோது இப்பகுதியும் அதற்குள் வந்தது. அதனால் இதைப் புறநகர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வீடுகளும் சாலைகளும் பெருகுவதால் மட்டும் ஓர் இடம் புறநகராகிவிடாது. இங்கேயே மூப்படைவோம், பிள்ளைகளும் இங்கேயே இருப்பார்கள் என்று குடியிருப்போர் நம்பும்போதுதான் ஓர் இடம் நிலைத்த குடியிருப்பாகிறது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை மனைமேல் உள்ள உரிமை. இவ்வட்டாரத்தின் பழைய வரலாறும் அண்மைக்கால வரலாறும் இதையே காட்டுகின்றன.

பழைய தொண்டை மண்டலத்தின் இந்தப் பகுதி ஏரிகளை நம்பி எழுந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் மிகுநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். ஏரிப் பாசனம் இருந்தால் நிலத்துக்கும் நீருக்கும் முறை வகுக்க வேண்டும். முறை வகுத்தால் யார் குடி, யார் வந்தவர் என்று சொல்லியாக வேண்டும். ஊரோடு ஒருவருக்குள்ள இந்தப் பிணைப்பைக் கோயிலும் காட்டுகிறது. வைணவ ஆசாரியர் இராமானுசர் 1017இல் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குள்ள திருமேனியைத் தானுகந்த திருமேனி என்பர். அவர் இவ்வூரை விட்டுக் காஞ்சிக்கும் திருவரங்கத்துக்கும் சென்றவர். ஆயினும் சித்திரைத் திருவாதிரைத் திருவிழா ஆண்டுதோறும் அவரை இவ்வூர்க்காரராகவே கொண்டாடுகிறது. கோயில் கைங்கரியமும் திருவிழாப் பொறுப்பும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்ததால்தான் மாடவீதிகள் இன்றும் ஊர் என்ற உணர்வைத் தருகின்றன. நிலத்தின்மேல் இருந்த உரிமையைக் கம்பெனிக்காலப் பதிவுகள் காட்டுகின்றன. 1763இல் ஆற்காட்டு நவாபு இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, வீடுகள், நத்தம், ஏரி, தோட்டம், களத்து மேரை (களத்தில் அளந்து தரும் பங்கு) ஆகியவற்றைக் குறித்துவைத்தார். பின்னர் கலெக்டர் லயனல் பிளேஸின் 1799ஆம் ஆண்டு அறிக்கையும், எஃப். டபிள்யூ. எல்லிஸின் மிராசு பற்றிய கட்டுரையும் மிராசு அல்லது காணியாட்சி என்னும் பரம்பரை நிலவுரிமையை விரிவாக ஆராய்ந்தன. ஊர் நிலத்தைப் பொதுவில் வைத்து அவ்வப்போது பங்கிட்டுக்கொள்வது பசுங்கரை. நிலையாகப் பிரித்துவிடுவது அறுதிக்கரை. காணியாளருக்குக் கீழே உழுதவர்களிலும் இரு வகையினர் இருந்தனர். ஊருக்குள் வீடு கட்டி, விளைச்சல் பங்கான வாரத்தை ஒழுங்காகக் கொடுத்துவரும்வரை வெளியேற்றப்படாமல், தந்தை விட்ட நிலத்தை மகன் தொடர்ந்து உழுதால் அவர் உள்குடி. வேற்றூரில் தங்கி, ஓராண்டுக்கோ சில ஆண்டுக்கோ பேசி வந்து உழுதுவிட்டுப் போனால் அவர் புறக்குடி. இருவரும் ஒரே ஏரித் தண்ணீரில் ஒரே பயிரைத்தான் விளைவித்தார்கள். வேலையால் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை. வீட்டின்மேல் இருந்த உறுதியே ஒருவரைக் குடியாக்கியது, மற்றவரை வந்துபோகிறவராக வைத்தது. இன்றைய தொழிற்பகுதியைப் புரிந்துகொள்ள இந்த இரு சொற்களே போதும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதை மறுப்போர், அந்தப் பழைய நிலைபேறு சாதியால் காக்கப்பட்டது, அதை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்பர். உண்மைதான், ஊரின் நிலைபேறு சேரிக்கு எட்டவில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய குறிப்பு இதற்குக் கிடைத்த மிக வலுவான சான்று. பறையர் குடிசை போட்டிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும், மிராசுதாரர் நினைத்தால் அவர்களைக் குடிபெயர்க்க முடிந்ததையும், கூலி உயர்வு கேட்க அவர்கள் அஞ்சியதற்கு அதுவே காரணம் என்பதையும் அது எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணையில் தோன்றியவையே ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள். அவற்றில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஆகவே இந்த மறுப்பு நம் வாதத்தைத் தளர்த்தவில்லை, உறுதிப்படுத்துகிறது. மனையுரிமை இல்லாதவர் நூறு தலைமுறை ஒரே இடத்தில் இருந்தாலும் குடியிருப்பவராக எண்ணப்படவில்லை. அவர் உழைப்பை வாங்கிய ஊர் அவருக்கு இடம் தரவில்லை.

1971இல் தொடங்கப்பட்ட, மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட், பிற்காலத்தில் இவ்வூர்களின் நிலத்தை எடுத்துத் தொழிற்பூங்காக்களை அமைத்தது. ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது; அதை நம்பி வாடகைக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் அறைகளைக் காலிசெய்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பினர். நிலம் விற்ற பழைய குடிகளில் ஒரு பகுதியினர் நத்தத்திலும் தோட்டத்திலும் வரிசை அறைகளான லைன் வீடுகள் கட்டி வாடகையில் வாழ்கின்றனர். இன்றைய ஊர்ப் பொருளாதாரம் பெரும்பாலும் இவ்வளவே.

அந்த லைன் வீடுகளிலும் ஹாஸ்டல்களிலும் இருப்பவர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம், ராணிப்பேட்டை மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் வந்தவர்கள். ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வரும், ஷிஃப்டு முடிந்தால் அதுவே கொண்டுவந்து விடும். ரயில் நிலையம் இன்னும் இல்லை. 2021 டிசம்பரில் ஒரு செல்போன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றதைக் கண்டித்து நெடுஞ்சாலையை மறித்தனர். அதற்குப் பிறகுதான் அவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்ற கேள்வி நாட்டின் காதில் விழுந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 13 கட்டடங்களில் 18,720 பெண்கள் தங்கலாம். இது நல்ல முன்னேற்றம். பாதுகாப்பும் தூய்மையும் கிடைக்கும். ஆயினும் அறைக்கு 6 பேர் வீதம் தங்குவது வேலைக்காலத் தங்கல்தான். வேலை போனால் படுக்கையும் போய்விடும். பழைய சொல்லில் சொன்னால் அவர்கள் புறக்குடிகளே.

இத்தொழிலாளர்கள் தாமே நிலைத்திருக்க விரும்புவதில்லை, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போகவே நினைக்கிறார்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. விருப்பம் என்பது கண்முன் இருக்கும் வழியைப் பொறுத்தது. ஒப்பந்தத் தொழிலாளியாகவோ பயிற்சியாளராகவோ இருப்பவருக்கு அடுத்த ஆண்டு வேலை உறுதியில்லை. தொழிற்சாலைகள் வந்ததால் ஏறிய நிலவிலையில் அதே தொழிற்சாலைக் கூலியால் மனை வாங்கவும் முடியாது. அப்படிப்பட்டவர் ஊர்திரும்ப நினைப்பதை விருப்பம் என்று எழுதுவது பொருந்தாது. அயர்லாந்தின் டப்ளினில் 1920களில் மாநகராட்சி கட்டிய மரினோ புறநகரில் வீடுகளைக் குடியிருப்பவர்களே தவணையில் சொந்தமாக்கிக்கொள்ள வழி செய்தனர். நகரின் நெரிசலான ஒற்றை அறைகளில் குடியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கே வேர்விட்டன. இன்று அது டப்ளினின் நிலைத்த புறநகர்களில் ஒன்று. அங்கு வந்தவர்களும் கூலிக்காரர்களே. தமிழகத்துக்கு இது புதிய முறையுமன்று. வீட்டுவசதி வாரியம் பல நகரங்களில் மனைகளையும் வீடுகளையும் தவணையில் விற்றிருக்கிறது.

தொழிலுக்கென நிலம் எடுக்கும் அரசு, அதே அறிவிக்கையில் தொழிலாளர் மனைக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்தவருக்கு, அவர் நிரந்தரத் தொழிலாளியானாலும் ஒப்பந்தத் தொழிலாளியானாலும், தவணையில் மனைப்பட்டா கிடைக்க வேண்டும். நிலம் கொடுத்த ஊர்களின் சேரிகளில் இன்னும் பட்டா பெறாத குடும்பங்களுக்கு அது முதலில் சேரட்டும்.