காவிரிப் படுகையில் ஹவுளும் சரீர சுத்தியும்

இஸ்லாமியரின் சரீர சுத்தியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியையே பற்றுகின்றனர். ஒரு சாரார் அதனைத் தொழுகைக்குரிய முன்னேற்பாடாக மாத்திரம் கருதி, விதிகளை வரிசைப்படுத்திவிட்டு அமைகின்றனர். மற்றொரு சாரார், மேனாட்டு வைத்தியம் பிற்காலத்தில் கண்டவை யாவும் அங்கே முன்னரே சொல்லப்பட்டுவிட்டன என்று நிறுவுவதிலேயே தம் உழைப்பைச் செலவிடுகின்றனர். இவ்விரு சாராரும் காணாது விட்டது தண்ணீர். எந்தத் தண்ணீர், எவ்வளவு, எங்கிருந்து வந்தது, யாரோடு பகிர்ந்துகொள்ளப்பட்டது என்ற வினாக்களை எழுப்பாமல் இவ்வாசாரத்தின் சரித்திரத்தை எழுத இயலாது. நாகூரிலிருந்து அதிராம்பட்டினம் வரையுள்ள கடலோர ஊர்களிலும், கூத்தாநல்லூர், பொதக்குடி, அடியக்கமங்கலம், ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை முதலிய உள்நாட்டு ஊர்களிலும் வாழும் தமிழ் முஸ்லிம்களின் சுத்தி விதிகள், நீரின் தகுதியை ஆராய்ந்தனவேயன்றி நீரைத் தொடுபவனின் பிறப்பை ஆராயவில்லை என்பதும், ஆற்றுத்துறையும் குளத்துறையும் ஜாதிவாரியாகப் பிரிந்து கிடந்த இந்த நெல்நாட்டில் அதுவே அவற்றின் பெருஞ்சிறப்பு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

விதிகளின் அடிப்படையை முதலில் சுருக்கமாகக் கூறிவிடலாம். முகத்தையும், முழங்கை வரை கைகளையும், கணுக்கால் வரை கால்களையும் கழுவித் தலையை ஈரக்கையால் தடவுவதாகிய ஒளு, குர்ஆனின் மாயிதா அத்தியாயத்து 6ஆம் வசனத்தில் விதிக்கப்பட்டது. முழுக்குளிப்பும், நீர் கிடைக்காதபோது மண்ணைக்கொண்டு செய்யும் தயம்மமும் அதே வசனத்தில் இடம்பெறுகின்றன. இவற்றுக்கு அப்பால், மனித இயல்புக்குரியவை என்று நபிமொழித் தொகுப்புகள் எண்ணும் கிரியைகள் சில உண்டு: மீசையைக் கத்தரித்தல், நகம் வெட்டுதல், அக்குள் முடியையும் மறைவிட முடியையும் களைதல், சுன்னத்துச் செய்தல், பல் துலக்குதல் போன்றவை. நகமும் மீசையும் களையத்தக்க முடிகளும் நாற்பது நாளுக்குமேல் விடப்படலாகாது என்ற காலவரையும் இமாம் முஸ்லிம் என்பாரின் நபிமொழித் தொகுப்பில் உள்ளது. பல் துலக்குவதற்கு அரபு நாட்டார் பயன்படுத்திய மிஸ்வாக் குச்சி உகாய் மரத்தினது. அம்மரம் நம் படுகையின் தென்கோடியாகிய கோடியக்கரைக் காட்டிலேயே இயல்பாக வளர்கிறது. ஆயினும் வேம்பும் ஆலும் வீட்டருகே கிடைக்கும் ஊரில் அவற்றின் குச்சியே கைக்கு எளிதாயிற்று. பல்லைச் சுத்தம் செய்யத்தக்க குச்சி எதுவாயினும் போதும் என்ற நூல்விதி அதற்கு இடங்கொடுத்தது.

இனி, நீரைப் பற்றிய நியாயத்துக்கு வருவோம். மத்ஹபுகள் எனப்படும் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளுள், படுகையின் கடலோரத்தில் ஷாஃபி மத்ஹபும், உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபும் மிகுதியாகப் பின்பற்றப்படுகின்றன. தேங்கிய நீரில் அசுத்தம் விழுந்தால் அந்நீர் முழுவதும் கெட்டுவிடுமா என்ற வினாவுக்கு இவ்விரு மத்ஹபுகளும் வெவ்வேறு அளவைகளால் விடை கூறின. ஷாஃபி நூலார் 'குல்லதைன்' என்ற கொள்ளளவை எல்லையாக வைத்தனர்: நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழமுள்ள தொட்டி அது, ஒன்றரை அடி முழத்தால் கணக்கிட்டால் ஏறத்தாழ 190 லிட்டர் ஆகும். அவ்வளவு நீர் இருந்தால், நிறமோ சுவையோ மணமோ மாறினாலொழிய அது அசுத்தமாவதில்லை. அதற்குக் குறைந்தாலோ, அசுத்தம் பட்ட மாத்திரத்தில் கெட்டுவிடும். ஹனஃபி நூலாருள் பிற்காலத்தார் பரப்பளவை அளவையாகக் கொண்டனர்: பத்து முழத்துக்குப் பத்து முழம், அதாவது பதினைந்தடிச் சதுரம், கையால் அள்ளும்போது தரை வெளிப்படாத ஆழம்; அத்தகைய தொட்டியின் நீர் ஓடும் நீருக்குச் சமம். ஓடும் நீர் எது என்பதற்கும் அவர்கள் ஓர் இலக்கணம் வகுத்தனர்: ஒரு வைக்கோல் துரும்பைத் தூக்கிச் செல்லும் நீர் எதுவோ அதுவே ஓடும் நீர். நெற்களத்தில் பிறந்து வளர்ந்த உழவன் எவனும் உரை ஆசிரியரின் உதவியின்றியே அறிந்துகொள்ளத்தக்க இலக்கணம் இது.

இவ்விலக்கணம் காவிரிப் படுகையில் வேறெங்கும் இல்லாத ஒரு பொருத்தம் பெறுகிறது. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின்னர், ஜூன் 12 என்பது நீர் திறக்கும் நாளாகவும், ஜனவரி 28 என்பது மூடும் நாளாகவும் வழக்கத்தில் நிலைபெற்றன. பருவம் பொய்த்த ஆண்டுகளில் மாறினும், அந்த இரு தேதிகளைச் சுற்றியே படுகையின் வாழ்க்கை சுழல்கிறது. குடமுருட்டியும் வெண்ணாறும் அரசலாறும் வாய்க்கால்களும் கரைபுரண்டு ஓடும் மாதங்களில், நூலார் கூறிய 'ஓடும் நீர்' வாசலிலேயே இருக்கிறது. அக்காலத்தில் ஒளுவுக்காக அளவு பார்க்க வேண்டிய அவசியமே எழாது. ஆறுகள் மணலாகி, ஊற்றுத் தோண்டி நீர் எடுக்கும் மாசி முதல் வைகாசி வரையிலோ, அதே மனிதன் தேங்கிய நீரின் சட்டத்துக்கு ஆட்பட்டுவிடுகிறான். பாலைவனத்து மதம் நீர்வளமுள்ள நாட்டிற்கு வந்து தன் சிக்கனத்தை மறந்தது என்று சிலர் மேலோட்டமாகக் கூறுவதுண்டு. எனக்கு அது ஏற்புடையதன்று. ஆண்டில் ஒரு பாதி பெருக்கும் மறுபாதி வறட்சியுமாக வாழும் படுகைக்கு, இரு நிலைக்கும் தனித்தனியே விதி கூறும் சாஸ்திரம் மிக இயல்பாகவே பொருந்தியது.

ஹவுள் எனப்படும் பள்ளிவாசல் தொட்டி இந்நியாயத்தின் கல்வடிவம். கிணற்று நீரைக் கவலையாலோ, துலாவாலோ, பிற்காலத்தில் பம்பாலோ இறைத்து நிரப்புவர். சுற்றிலும் அமர்வதற்குக் கல்திண்டு. திண்டுக்குக் கீழே, கழுவிய நீர் தொட்டிக்குள் திரும்ப விழாமல் வெளியே ஓடுவதற்குக் கால்வாய். கைகால் தொட்டிக்குள் அலசப்படுவதில்லை. நீரைக் கையால் அள்ளி வெளியே விடவேண்டும். தூங்கி எழுந்தவன் கையை மும்முறை கழுவாமல் பாத்திரத்தில் இடக்கூடாது என்ற நபிமொழியும் இதே ஒழுங்கைச் சேர்ந்தது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று சிறு மீன்களை ஹவுளில் விடுவது பல ஊர்களின் வழக்கம். அந்தத் திண்டில் மிராசுதாரும் அவர் நிலத்தில் கூலிக்கு நடவு செய்பவரும், தலைமுறை தலைமுறையாக மார்க்கத்தில் இருப்பவரும் நேற்று வந்து சேர்ந்தவரும் தோள் உரச அமர்ந்து ஒரே நீரில் கை நனைத்தனர். வேறு பல நூல்கள் சமத்துவத்தைத் தொழுகை வரிசையில் காண்கின்றன. அவ்வரிசைக்கு முன்பே, ஹவுள் கரையிலேயே அது நடந்தேறிவிடுகிறது என்பேன்.

இதன் அருமையை உணர அக்காலத்துப் படுகையை நினைத்துப் பார்க்க வேண்டும். அக்கிரகாரத்துக்கு ஒரு துறை, குடியானவருக்கு ஒரு துறை, சேரிக்கோ ஊருக்கு வெளியே ஒரு குட்டை என்று நீரே கூறுபோடப்பட்டிருந்த நாடு இது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் யாவருக்கும் உரியன என்ற தீர்மானத்தை ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் 1924இல் நிறைவேறச் செய்ய வேண்டியிருந்தது. மராட்டிய நாட்டின் மகாத் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிக் குடிப்பதற்கு அம்பேத்கர் 1927இல் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. ஒரு மனிதனின் கை பட்டதால் குளம் தீட்டாகிறது என்ற எண்ணத்துக்கு இஸ்லாமிய நீதிநூலில் இடமேயில்லை. மனிதனின் உமிழ்நீரும் வியர்வையும் அவன் குடித்து எஞ்சிய நீரும் சுத்தமானவையே; மாதவிடாயில் உள்ள பெண்ணின் எச்சில் நீரும் அவ்வாறே. இணைவைப்போரை அசுத்தர் என்று கூறும் தவ்பா அத்தியாயத்து 28ஆம் வசனத்தைக் காட்டி இதனை மறுப்போர் உண்டு. சுன்னி மத்ஹபுகளின் அறிஞருள் பெரும்பான்மையோர் அவ்வசனம் நம்பிக்கையைக் குறித்ததேயன்றிச் சரீரத்தைக் குறித்ததன்று என்றே கொண்டனர். பிரயாணம் ஒன்றில் இணைவைப்புச் சமயத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் தோற்பையிலிருந்த நீரை நபிகளாரும் தோழர்களும் பயன்படுத்திய நிகழ்ச்சி புகாரி இமாமின் தொகுப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

இவ்விதிகள் பிறப்பைப் பார்ப்பதில்லை என்பது முடியைப் பற்றியவற்றிலும் விளங்கும். தலையில் ஒரு பகுதியை மழித்து மற்றொரு பகுதியை விடுவதை நபிகளார் தடுத்தார்; மழித்தால் முழுதும் மழிக்க வேண்டும், வளர்த்தால் முழுதும் வளர்க்க வேண்டும். முன்குடுமியும் பின்குடுமியும் ஒருவரின் குலத்தைத் தூரத்திலேயே அறிவித்த தஞ்சை நாட்டில், இவ்விதி உச்சந்தலையிலிருந்து ஜாதி அடையாளத்தை அகற்றிவிட்டது. தலையை முழுவதும் மழித்துத் தொப்பியோ தலைப்பாகையோ அணிவது முன்தலைமுறைகளின் பெருவழக்காக இருந்தது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கி, அம்முடியின் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்வதும் இவ்விதிகளைச் சேர்ந்ததே.

நாகூரில் முடி இறக்கும் இவ்வழக்கம் வேறொரு சம்பிரதாயத்தோடு கலந்தது. 16ஆம் நூற்றாண்டினரான ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில், ஷிஃபா குண்டா என்னும் குளத்தில் நீராடித் தலைமுடி இறக்குவோரில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் இருக்கின்றனர். அதன் மினாராக்களில் மிக உயர்ந்ததாகிய 131 அடி மினாராவை எழுப்பித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர். சீர்திருத்த நோக்குடைய உலமாக்கள் இம்முடி காணிக்கையை மறுக்கின்றனர். அவர்களது மறுப்பு நேர்த்திக்கடனைப் பற்றியதே. முடி களைவதைப் பற்றியதன்று. இறைவனல்லாதாருக்கு நேர்ச்சை கூடாது என்ற அவர்களது நியாயத்தை மதித்துக்கொண்டே, பல ஜாதியாரும் ஒரே குளத்தில் முழுகி எழுந்த ஒரு நிலையத்தை இப்படுகை கண்டது என்ற சரித்திர உண்மையையும் நாம் பதிவு செய்யலாம்.

ஆனால் உண்மையை ஒருபுறமாகவே கூறுதல் தகாது. முடி மழிப்பவரும் சுன்னத்துச் செய்பவரும் மார்க்கம் ஏவிய கிரியைகளையே செய்தனர். அப்படியிருந்தும் முஸ்லிம் நாவிதக் குடும்பங்களோடு மண உறவு கொள்ள மற்றவர் தயங்கியது நம் ஊர்களில் யாவரும் அறிந்தது. சுத்தம் செய்யும் கையைத் தாழ்வாக நினைக்கும் இவ்வழக்கத்துக்குக் குர்ஆனிலோ நபிமொழியிலோ ஆதாரமில்லை. ஹவுளில் நுழையாத ஜாதி கல்யாணப் பந்தலில் நுழைந்துவிட்டது. இது சட்டத்தின் குறையன்று, நம் குறை, வெட்கப்படத்தக்க குறை.

சுகாதார நோக்கில் ஒன்றிரண்டு செய்திகளை மட்டும் கூறுகிறேன். நீர்நிலையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று நபிமொழி கூறுகிறது. ஆற்றங்கரையும் குளக்கரையும் வயல்வரப்பும் அதற்கே பயன்பட்டுவந்த நாட்டில், இவ்விதி தொழுகையாளிக்கு மட்டுமன்றி ஊருக்கே உரிய விதியாகும். அடுத்தது கால். கும்பகோணமும் அதன் சுற்றுப்புறமும் யானைக்கால் வியாதிக்குப் பெயர்பெற்றவை. சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அதனைப் பரப்புகிறது. உலக சுகாதார நிறுவனம் 2000இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில், வீங்கிய காலை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, வெடிப்புகளுக்கு மருந்திடுவது சிகிச்சையின் முக்கிய அங்கம். பெரும்பாலும் விரலிடுக்கில் கிருமி புகுவதாலேயே காய்ச்சலும் வீக்கமும் மீண்டும் மீண்டும் மிகுகின்றன. ஒளுவில் கால்விரல்களுக்கிடையே விரல்விட்டுக் கோதிக் கழுவுவது நபிவழி என்ற பொருளில் சுன்னத்து. இதனால் முஸ்லிம்களுக்கு அந்நோய் வரவில்லை என்று நான் வாதிக்கவில்லை. கொசு மதம் பார்ப்பதில்லை. நோயாளிக்குக் கால் கழுவும் பழக்கத்தைக் கற்பிக்கப் புகும் மருத்துவப் பணியாளர், ஒளுவின் இந்த ஒழுங்கைத் துணையாகக் கொள்ளலாம் என்பதே என் அபிப்பிராயம்.

இறுதியாக, அளவைப் பற்றிய ஒரு கவலை. நபிகளார் ஒரு 'முத்து' நீரால், அதாவது இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவால், ஒளுச் செய்தார் என்றும், நான்கிலிருந்து ஐந்து முத்து நீரால் குளித்தார் என்றும் நபித்தோழர் அனஸ் வழியாக அறிவிக்கப்படுகிறது. ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் வீண்விரயம் கூடாது என்ற அறிவிப்பும் பிரசித்தமானது. ஹவுளில் அள்ளுபவன் ஒவ்வொரு கையளவையும் தானே அறிந்து அள்ளுகிறான். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே கழுவுபவனுக்கு அந்த அறிவு வாய்ப்பதில்லை. கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாகிவரும் இக்காலத்தில், இடவசதிக்காகவும் புதுமைக்காகவும் பழைய ஹவுள்களை மூடிக் குழாய் வரிசை அமைப்பது பல பள்ளிவாசல்களில் நடந்துவருகிறது. குழாயை நான் எதிர்க்கவில்லை. நீரை நாளும் மாற்றிப் பேணமுடியாத இடத்தில் குழாயே நன்று. இடிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுமாறு ஜமாஅத்தாரை வேண்டுகிறேன்: தம் ஊர் ஹவுளின் நீளம், அகலம், ஆழம், நீர் வந்த வழி, வடிந்த வழி, அதற்கு எழுதிவைக்கப்பட்ட வக்ஃபு ஆகியவற்றை அளந்தும் படமெடுத்தும் எழுதிவையுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரும் இப்பணியில் கைகொடுப்பாராயின், கோவில் குளங்களுக்குக் கிடைத்த சரித்திரம் பள்ளிவாசல் ஹவுள்களுக்கும் கிடைக்கும்.