ஒரே கதை, எத்தனை பாகம்?

ஒரு பெரிய நாவலைப் படமாக்கப் போறாங்கன்னு செய்தி வந்தா, யார் நடிக்கிறாங்கன்னு கேட்ட கையோட நாம கேக்கற அடுத்த கேள்வி, "எத்தனை பாகம்?" ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ விஷயத்தில் அறுபது வருஷமா ஓடினது இந்தச் சண்டைதான். டோல்கீன் கதைகளை வெச்சு எடுத்த பழைய படங்களைத் தேடிப் பிடிச்சு, வந்த வரிசையிலேயே பார்த்தேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம். டோல்கீனைப் பொறுத்தவரை இது மூணு பாகக் கதையே இல்லை. அவர் எழுதினது ஒரே நாவல். போருக்குப் பிறகு பிரிட்டனில் காகித விலை எகிறிக் கிடந்த நேரம். இவ்வளவு தடியான புத்தகத்தை ஒரே அடியா அச்சடிக்கப் பதிப்பாளர் தயங்கினதால, 1954லயும் 1955லயும் மூணு தொகுதியா வந்தது. ஆக, நாம ‘ட்ரிலஜி’ன்னு கொண்டாடுறதுல காகிதச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு.

முதல்ல படமானது, 1937ல் வந்த ‘ஹாபிட்’. அந்தக் கூத்து தனி. வில்லியம் ஸ்னைடர்னு ஒரு அமெரிக்கத் தயாரிப்பாளர் உரிமை வாங்கி வெச்சிருந்தார். 1966 ஜூன் 30க்குள்ள படம் எடுக்கலைன்னா உரிமை போயிடும். அதுக்குள்ள டோல்கீன் புத்தகங்கள் அமெரிக்காவில் சூடா விற்க ஆரம்பிச்சிடுச்சு. ஒப்பந்தத்தில் வண்ணப்படம்னு இருந்ததே தவிர, எவ்வளவு நீளம்னு இல்லை. விடுவாரா? பிராக் நகரத்தில் இருந்த இயக்குநர் ஜீன் டைச்சிடம் ஒரு மாசத்தில் முடிக்கச் சொன்னார். 12 நிமிஷப் படம் தயார். நியூயார்க்கில் சின்னத் திரையரங்கு ஒண்ணைப் பிடிச்சு, தெருவில் போறவங்க கையில் பத்து சென்ட் காசைக் கொடுத்து, அதையே டிக்கெட் காசா வாங்கிக்கிட்டு, பார்த்ததுக்குக் கையெழுத்தும் வாங்கினாங்களாம். டைச்சே பின்னாளில் எழுதினது இது. உரிமை தப்பிச்சது, ஸ்னைடர் அதை நல்ல விலைக்கு வித்துட்டார்.

அந்தப் படம் இப்போ யூடியூபில் இருக்கு. குள்ளர் படையே கிடையாது. பதிலுக்கு ஒரு இளவரசி. டிராகன் பேரு ஸ்மாக் இல்லை, ஸ்லாக்! ஓவியங்கள் மேல கேமரா நகரும், அவ்வளவுதான். ஆனா அந்த ஓவியங்கள் அழகு. வரைஞ்சவர் செக் ஓவியர் அடால்ஃப் போர்ன்.

அடுத்தது 1978, ரால்ஃப் பாக்‌ஷியின் அனிமேஷன். நடிகர்களை வெச்சு நிஜமாவே படம் பிடிச்சு, அந்தப் பிலிம் மேலயே கட்டம் கட்டமா வரையற ரோட்டோஸ்கோப்பிங் முறை. சில இடத்தில் வரையறதுக்கே பொறுமை இல்லாம, நடிகர்கள் மேல சாயம் பூசி விட்ட மாதிரி இருக்கும். கருப்புக் குதிரை வீரர்கள் வர்ற காட்சிக்கு மட்டும் அந்தக் குறை ஒரு பலமாயிடுது, நிஜமாவே பயமா இருக்கு. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல பார்த்துட்டு, ஹெல்ம்ஸ் டீப் போர் முடிஞ்சதும் படம் முடிஞ்சிடும். மோதிரம் இன்னும் ஃப்ரோடோ கையிலயே இருக்கு! பாக்‌ஷி ‘பாகம் 1’னு போடச் சொன்னார். பாதிப் படத்துக்கு யாரு காசு கொடுப்பான்னு ஸ்டுடியோ அதை எடுத்துட்டது. ரெண்டாம் பாகம் வரவே இல்லை. அன்னைக்கு முழுக்கதைன்னு நம்பித் தியேட்டருக்குப் போனவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

அப்படிப் போனவங்கள்ல ஒருத்தர் நியூசிலாந்துப் பையன் பீட்டர் ஜாக்சன். பாதியிலேயே குழம்பிப் போனவர், மிச்சம் என்னன்னு தெரிஞ்சுக்க புத்தகத்தை வாங்கி நீண்ட ரயில் பயணத்தில் படிச்சார்.

நடுவுல 1991ல் லெனின்கிராட் தொலைக்காட்சி எடுத்த ‘கிரானிதெலி’யும் உண்டு. நாடக செட், கைச்செலவு பட்ஜெட். ஜாக்சன் வெட்டின டாம் பாம்படில் இதுல இருக்கார். அதுக்காகவே பார்க்கலாம்.

இருபது வருஷம் கழிச்சு ஜாக்சனுக்கும் அதே சண்டை. ரெண்டு படமா எடுக்கலாம்னு மிராமாக்ஸ் கம்பெனியில் வேலை நடந்தது. செலவு ஏறினதும் ஒரே படமா சுருக்கச் சொன்னாங்க. ஹெல்ம்ஸ் டீப்பைத் தூக்கிடலாம், ரோஹன், கோண்டோர் ரெண்டு நாட்டையும் ஒண்ணாக்கிடலாம்னு யோசனை. ஜாக்சன் மறுத்தார். வேற ஸ்டுடியோ தேடிக்க நாலு வாரம் கெடு. ஒரு வீடியோவை எடுத்துக்கிட்டு நியூ லைன் போய், ரெண்டு படம்தான் கேட்டார். அதன் தலைவர் பாப் ஷே, புத்தகம் மூணு தொகுதி ஆச்சே, ஏன் ரெண்டு படம்னு கேட்டுட்டார்! 2001, 2002, 2003 டிசம்பர்களில் மூணும் வந்தது. மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல. கடைசிப் படத்துக்கு 11 ஆஸ்கர்.

நீளம் என்ன கொடுத்ததுன்னா, நேரம். போரோமிர் சாகும்போது நமக்கு வலிக்குதுன்னா, அதுக்கு முன்னாடி அவன் ஹாபிட் பசங்களுக்கு வாள் வீசக் கத்துக் கொடுத்த காட்சிதான் காரணம். ஒரே படமா இருந்திருந்தா முதல்ல வெட்டுப்பட்டிருக்கிறது அதுதான்.

அதே ஜாக்சன் ‘ஹாபிட்’டை ரெண்டு படமா எடுத்துக்கிட்டிருந்தப்போ, 2012 ஜூலையில் அது மூணாகும்னு அறிவிச்சாங்க. சுமார் 300 பக்கக் குழந்தைக் கதைக்கு 8 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. இருட்டுக் குகையில் பில்போவும் கோலமும் விடுகதை போடுற காட்சி அற்புதம், அதுல அவசரமே இல்லை. மூணாவது படத்துப் போர்க்காட்சியில மட்டும் என் கை ஃபார்வேர்ட் பட்டனுக்குப் போயிட்டே இருந்தது.