கட்டளையில் இருந்து கல்லறைக்கு: வெஸ்ட் பொயின்ற் பாண்டின் கதை

இராணுவ பாண்ட் எண்டதும் பளபளக்கிற பித்தளையும் வெள்ளைக் கையுறையும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் தொடக்கத்தில் அது அலங்காரமாக இருக்கவில்லை, கட்டளையாக இருந்தது.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது வெஸ்ட் பொயின்ற். பிரித்தானியருக்கு எதிரான சுதந்திரப் போர் நடந்த காலத்தில், 1778 ஜனவரியில், படை அங்கே முகாமிட்டது. படையோடு குழல்காரரும் மேளகாரரும் இருந்தார்கள். இராணுவக் கல்லூரி வந்ததோ 1802 இல்தான். கல்லூரியைவிட பாண்டின் வேர் பழையது.

வானொலி இல்லாத காலம். சிப்பாயிடம் மணிக்கூடும் இல்லை. எழும்பு, சாப்பிட வா, ஒன்றுகூடு, பின்வாங்கு, எல்லாத்துக்கும் ஒவ்வொரு அடி. குற்றம் செய்தவனை எல்லாரும் பார்க்க மேளம் அடித்தே முகாமை விட்டுத் துரத்தினார்கள். அவமானப்படுத்துவதற்கும் ஒரு மெட்டு வைத்திருந்தார்கள் எண்டால் பாருங்கோ!

இன்னொன்று. இந்த பாண்டில் வாசிப்பவர்கள் கல்லூரி மாணவர்கள் இல்லை, சம்பளத்துக்கு வேலை செய்யும் சிப்பாய்கள். நாளைக்கு அதிகாரியாகப் போகிறவனை விடிய எழுப்புவது ஒரு சாதாரண சிப்பாய்தான். எழுப்பும் பிரிவுக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஹெல்கற்ஸ்'. வேற என்ன பெயர் வைப்பாங்கள்!

1817 இல் அயர்லாந்துக்காரரான றிச்சர்ட் வில்லிஸ் பொறுப்பேற்றார். அவர் கையில் இருந்தது சாவி வைத்த பியூகிள். வெறும் பியூகிளில் சில சுரங்கள்தான் வரும், கட்டளைக்கு அது காணும். சாவி வந்தபிறகு முழுப் பாட்டே வாசிக்கலாம். எங்களைக் கேட்டால், கட்டளை இசையாக மாறிய இடம் இதுதான்.

பிறகு மரணங்கள். 1885 இல் கிராண்டின் இறுதி ஊர்வலத்திலும் 1945 இல் ரூஸ்வெல்டின் அடக்கத்திலும் இந்த பாண்ட்தான் வாசித்தது.

1952, கல்லூரிக்கு 150 வயது. விழாவுக்கெனப் பல இசையமைப்பாளரிடம் புதிய படைப்புகள் கேட்டார்கள். நாஸிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்த யூதரான டாரியஸ் மில்லோவும் ஒன்று எழுதினார். எங்களை நிறுத்தி வைப்பது மோர்ட்டன் கூல்டின் சிம்பொனி. அதில் இரண்டே பகுதிகள். இரண்டாவதன் பெயர் 'அணிநடைகள்'. முதலாவதன் பெயர் 'கல்லறை வாசகங்கள்'. பிறந்தநாள் விழாவுக்குக் கல்லறையில் தொடங்குகிற இசை! அந்தக் கல்லூரியில் சற்று முன்னர் படித்து வெளியேறிய பெடியள் கொரியாவில் செத்துக்கொண்டிருந்த வருடம் அது.

அந்தப் பகுதியில் வாத்தியங்களோடு ஒரு மரச்சட்டமும் சேருகிறது. சட்டத்தில் தொங்கும் மரக்குற்றிகள் நிலத்தில் தட்டத் தட்ட, சப்பாத்துக் கால்கள் நடக்கிற மாதிரியே கேட்கும். மேடையில் நடக்கிறவர் ஒருத்தரும் இல்லை.